ஔகாரத்தால் இடம் பிடித்த மகளுக்கு

அன்பு மகள் பௌசியா, உன் அத்தாவின் ஸலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ பல்கலைக்கழக விடுதிக்குக் குடிபோகிறாய். நம் மார்சிலிங் வீட்டிலிருந்து ரயிலில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம், இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். கேட்கத்தான் செய்வாய். பிறந்ததிலிருந்து கேள்வி கேட்காமல் நீ எதை ஏற்றுக்கொண்டாய்? நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பிள்ளைகள் நல்ல படிப்பில் சேர்ந்திருக்கும் பெற்றோர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். எனக்கு ஊருக்கு எழுத வராது. உனக்கு எழுதினால் வரும். ஊர் ஓரமாக நின்று படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கையால்தான் எழுதுகிறேன். போனில் அடித்தால் நீ செய்த ப்ரோகிராம் குறுக்கே வந்து என் தமிழைத் திருத்தும். அந்த அவமானத்தை ஒருமுறை பட்டது போதும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில் எனக்கு ஒரு கடை. ஊருக்குப் போகிறவர்கள் துணிமணி அடைத்துக் கொண்டுபோகும் சக்கரம் வைத்த பெட்டிகள் விற்கிறேன். ‘பெட்டிக்கடையா வச்சிருக்கீங்க?’ என்று கேட்கிறவர்களிடம், ‘இல்லை, பெட்டிக் கடை’ என்று நடுவில் இடம் விட்டுச் சொல்வேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாய். பாலிடெக்னிக் போன பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, ‘அத்தா, அந்த எடமும் ஒரு கேரக்டர்தான் தெரியுமா? கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு எழுத்து’ என்றாய். என் நகைச்சுவையை இப்படிப் பிரித்துப்போட்ட ஆள் வேறு யாரும் இல்லை. இந்தப் பெண் வேறு மாதிரிதான் போகப்போகிறாள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

அந்த ஹானர்ஸ் படிப்பைப் பற்றி நீ முதலில் சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. கணினி அறிவியலில் எல்லோரும் சேரும் படிப்பு ஒன்று. அதற்கு மேலே, ஒரே வகுப்பறைக்குள் அடங்குகிற அளவுக்கு மட்டும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, முதல் வருடத்திலிருந்தே பேராசிரியர்களோடு ஆராய்ச்சியில் உட்காரவைக்கும் படிப்பு இன்னொன்று. மதிப்பெண் மட்டும் போதாது. நீயாகவே செய்த ஒன்றைக் காட்ட வேண்டும், அதை ஏன் செய்தாய் என்று கட்டுரை எழுத வேண்டும், பிறகு நேர்காணல். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜேசி என்கிற பெயர்பெற்ற ஜூனியர் காலேஜ்களில் படித்தவர்கள், பள்ளி நாளிலேயே கணினிப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்கள். பாலிடெக்னிக்கிலிருந்து போகிறவர்கள் குறைவு. ‘கெடைக்குமா?’ என்று கேட்டேன். ‘கேட்டாத்தான தெரியும்’ என்றாய். ஹானர்ஸ் என்பதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு எப்படித் தமிழில் சொல்வது என்று யோசித்து, கௌரவப் படிப்பு என்று வைத்துக்கொண்டேன். ‘அதுலயும் ஒரு ஔ வந்துடுச்சு பாருங்க’ என்று சிரித்தாய்.

ஔ எங்கிருந்து வந்தது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, சில வாரம் போனைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் அம்மாவால் சாப்பிடாமல் இருக்க முடியும், வாட்ஸப் இல்லாமல் இருக்க முடியாது. நீ அவள் போனில், வருகிற செய்தியை வாய்விட்டுப் படிக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்தாய். அன்றிலிருந்து வீட்டில் ஒரு யந்திரப் பெண் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் உன்னைக் கூப்பிட்ட பெயர் பெ-ள-சியா.

ஏன் அப்படி? நம் ஆட்கள் யாருக்கும் போனில் ஔகாரக் குறி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேடவும் மாட்டோம். ஒற்றைக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ஒரு ள-வைத் தட்டிவிடுவோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே. பெற்ற தகப்பன் நானே உன் பெயரை அப்படித்தான் அடித்து வந்தேன். மற்றத் தமிழர்கள் இந்தத் தப்பைச் செய்தால் பௌர்ணமிக்கு ஒரு தடவை மாட்டுவார்கள். நம் வீடுகளில் எதைத் தொட்டாலும் ஔ: பௌசியா, நௌஷாத், கௌஸ், மௌலவி, மௌலூது, தௌபா. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குப் பெயரே ஹௌளு. பிறந்தால் ஔ, இறந்தாலும் மௌத்து. கண்ணால் படிக்கிறவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காதால் கேட்க ஆரம்பித்ததும் வந்தது வினை.

கௌஸ் மாமா காலமான செய்தி குடும்பக் குழுவில் வந்தது. தொண்ணூறைத் தொட்ட மனிதர், நிறைவாக வாழ்ந்து போனவர். செய்தியில் இருந்தது ‘நமது கௌஸ் மாமா மௌத்து’ என்பதுதான். யந்திரப் பெண் படித்தது, ‘நமது கெ-ள-ஸ் மாமா மெ-ள-த்து.’ சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு மாமா என்பது மட்டும் காதில் விழுந்தது. மாமா வீட்டில் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அது கூடிவிட்டது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். குரல்செய்தியில் குழு முழுவதற்கும் அனுப்பினாள்: ‘மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோஷம், எப்ப விருந்து?’

அன்று மாலை மாமா வீட்டுக்குப் போன ரயில் பயணத்தில் உன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நியூட்டன் நிலையத்தில் வண்டி மாறும்போது எனக்கு அடக்க முடியாமல் போய், தூணுக்குப் பின்னால் நின்று இருமினேன். மாமி உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவங்க போனதுக்கு விருந்து கேட்ட ஒரே ஆளு நீதான்டி. அவங்க இருந்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாங்க’ என்றார். மாமி சிரித்துக்கொண்டே அழுதார். உன் அம்மாவும் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் நீ மடிக்கணினியைத் திறந்தாய். உன் அம்மா அவமானப்பட்டது உனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை. அந்த வாரமே உன் ப்ரோகிராம் பிறந்தது.

அது செய்த வேலையை எனக்குப் புரிகிற மாதிரி நீ சொன்னாய். கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் ள வந்தால், அந்த ள-வின் தலையில் புள்ளியோ வேறு குறியோ இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அது உண்மையான ள, தொடாது. வெள்ளி, தெளிவு, வெளியே எல்லாம் தப்பித்தன. ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் அது ஔகாரத்தின் பாதி என்று எடுத்துக்கொண்டு சேர்த்துவிடும். ஹௌளுவைக் கொடுத்துப் பார்த்தோம். அதில் ஔவும் உண்டு, பின்னாலேயே நிஜமான ளு-வும் உண்டு. மாட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். யந்திரப் பெண் அழகாக ‘ஹௌளு’ என்றாள். நீ நாற்காலியை விட்டு எழுந்து கூடத்தை ஒரு சுற்று ஓடினாய்.

மறுநாள் நான் கடையிலிருந்து உன் அம்மாவுக்கு வழக்கம்போல் செய்தி அனுப்பினேன்: ‘கெளம்பிட்டியா? சாவி மேசையில இருக்கு, வெளங்குதா?’ நான் எழுதுவது என் வாயில் வருகிற தமிழ். கிளம்பு என்று நான் என்றைக்குச் சொன்னேன்? உன் ப்ரோகிராம் அதைப் பார்த்தது, மொட்டை ள இரண்டு கண்டது, இரண்டையும் திருத்தியது. வீட்டில் யந்திரப் பெண் ‘கௌம்பிட்டியா, வௌங்குதா’ என்று கேட்க, உன் அம்மா எனக்குப் போன் போட்டு, ‘ஏன் மச்சான், வாயில அல்வா வச்சிக்கிட்டா பேசுறீங்க?’ என்றாள். நீ பக்கத்தில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுபோனது. நீ யோசிக்க ஆரம்பித்துவிட்டாய்.

விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது நமக்குள் நடந்த சண்டை மார்சிலிங் அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் கேட்டிருக்கும். நீ நண்பர்களோடு சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தாய். உணவங்காடியில் எந்த மேசை காலியாக இருக்கிறது என்று காட்டும், போட்டியில் பரிசும் வாங்கியிருந்தது. அதைக் காட்டு என்றேன். நீ ஔவைக் காட்டப் போவதாகச் சொன்னாய். ‘அங்க உக்காந்திருக்கிற பேராசிரியருங்க யாருக்கும் தமிழ் தெரியாது. நம்ம கொம்பு அவங்களுக்கு எதுக்கு?’ என்றேன். ‘அத்தா, அந்த ஆப்ல நான் செஞ்சது கால்வாசி லா. மேசை காலியா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எனக்குக் கவலையே இல்ல. இது எங்க அம்மாவுக்காக நான் தனியா செஞ்சது’ என்றாய். அப்படியானால் கட்டுரையில் மௌத்துக் கதையும் வருமே, வீட்டு மானம் போகுமே என்று உன் அம்மாவைத் துணைக்கு அழைத்தேன். அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, ‘எழுதட்டும். போன மானம் போனதுதான், புள்ளைக்கு எடமாவது கெடைக்கட்டும்’ என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டாள். பரிசு வாங்கிய செயலியையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஜெயித்துவிட்டாய் என்பதற்காக என் யோசனை தப்பாகிவிடாது.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் அதற்கு முன்பே நின்றுவிடும் என்று நீ சொன்னதும், அன்றைய கடைசி வாடிக்கையாளருக்குப் பெட்டியோடு பூட்டும் இலவசமாகக் கொடுத்தேன். அந்த நாள் கடைக்கு வந்து, அடுக்கிய பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் நீ சொன்னது எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. ‘அத்தா, சொதப்பிட்டேன்னு நெனைக்கிறேன். ப்ரோகிராம் நல்லா ஓடுச்சு. நடுவுல உக்காந்திருந்த பேராசிரியரம்மா கேட்டாங்க, இது எங்க தோத்துப் போகும்னு. என் அத்தாகிட்டன்னு சொல்லிட்டேன்.’

நேர்காணல் நடத்திய மூன்று பேரும் சிரித்தார்களாம். பிறகு எழுதுகோலை உன் கையில் கொடுத்து, பலகையைக் காட்டினார்களாம். தமிழே தெரியாத மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் நீ கௌரவம் என்று எழுதினாய், கெளம்பு என்று எழுதினாய். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, ஒன்றில் ள பொய், மற்றதில் ள மெய் என்று காட்டினாய். அகராதியை வைத்துத் தேடலாமே என்று அவர்கள் கேட்டால், என் அத்தா அகராதியில் இல்லாத தமிழில்தான் வாழ்கிறார் என்றாய். ஆள் எப்படி எழுதுகிறார் என்று பழகிக்கொள்ளலாம் என்றால், அதே ஆள் சாவுச் செய்தியை மேடைத் தமிழில் எழுதுகிறார் என்றாய். உறுதியாகத் தெரியாதபோது உன் ப்ரோகிராம் என்ன செய்யும் என்று ஓரத்தில் இருந்தவர் விடாமல் கேட்டார். எழுதினபடியே விட்டுவிடும் என்றாய். அப்படியானால் உன் அம்மா மறுபடியும் விருந்து கேட்பாரே என்றார். ‘ஆமா, இப்ப அதுக்கு என்கிட்ட பதில் இல்லன்னு சொன்னேன் அத்தா. ஆனா எங்க பதில் இல்லைன்னு என்னால சரியா காட்ட முடியும்னு சொன்னேன்’ என்றாய். அதோடு நேரம் முடிந்துவிட்டது. வாரக்கணக்கில் நீ தயார் செய்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. தோற்கிற இடத்தைத்தான் முழுநேரமும் காட்டிவிட்டு வந்திருக்கிறாள், போச்சு என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததால்தான் அடுத்த வாரம் அவ்வளவு பயந்தேன். கணக்கியல் படிப்புக்கு ஒரு நிறுவனம் உனக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்திருந்தது. முழுப் படிப்புச் செலவும் அவர்களுடையது, முடித்ததும் வேலையும் அவர்களிடமே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஹானர்ஸ் முடிவோ அதற்கு அடுத்த வாரம்தான் வரும். கையில் இருப்பதை விட்டுவிட்டு, அதுவும் கிடைக்காமல் போனால்? நான் உன்னிடம் கெஞ்சினேன், பிறகு அதட்டினேன், பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, ‘உன் மகளை உப்பை எடுக்கச் சொல்’ என்று உன் அம்மா வழியாகப் பேசினேன். நீ உப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாய்: ‘அத்தா, அந்த வேலைய நான் நல்லாவே செய்வேன். ஆனா அதுல ஒருநாளும் கூடத்துல ஓட மாட்டேன்.’

உன் அம்மா, ‘புடிக்காத எடத்துல பத்திரமா உக்காந்திருக்கவா இவ்வளவு படிச்சா?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். வியாழக்கிழமை நீயே அவர்களுக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினாய். வெள்ளிக்கிழமை தொழுகையில் நான் கேட்ட துஆவை உன்னிடம் சொல்ல மாட்டேன். முகம் மட்டும் கடுகடுவென்று இருந்திருக்கும். உள்ளே, இந்தத் தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே பெருமை. பயமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் தகப்பன்மார் கோபக்காரர்கள் போலத்தான் தெரிவோம். உனக்குப் பிள்ளைகள் வந்தால் நீயும் இப்படி நிற்பாய், அப்போது என்னை நினைத்துக்கொள்.

இனி நீ போகிற இடத்துக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அங்கே உன் வகுப்பில் எல்லோரும் ஜெயித்தே பழகிய பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் பேசுகிற வேகத்தைப் பார்த்து உன் குரலைத் தாழ்த்திக்கொள்ளாதே. தெரியாததைத் தெரியாது என்று நேர்காணலில் சொன்னாயே, அதே மாதிரி வகுப்பிலும் சொல். நான் அந்தப் பதிலைக் கேட்டுப் பயந்தேன், தெரிந்தவர்களோ அதைக் கேட்டுத்தான் உன்னை எடுத்தார்கள். எந்த ஜேசி என்று யாராவது கேட்டால், பாலிடெக்னிக் என்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல். சாப்பாட்டு நேரத்தில் கணினியை மூடிவை. வாரத்தில் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய், செய்தி அனுப்பித் தப்பிக்கப் பார்க்காதே. இன்னொன்று. யாராவது உன்னைவிட மெதுவாகப் புரிந்துகொண்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடு. எனக்குச் சொல்லிக்கொடுத்த பொறுமை இருந்தால் போதும், அங்கே யாரும் என்னைவிட மந்தமாக இருக்க வாய்ப்பில்லை.

முடிவு வந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், ஏனென்றால் அன்றைக்குக் கடையில் நடந்தது உனக்குத் தெரியாது. ஊருக்குப் போகிற புதுக்கோட்டைத் தம்பிமார் மூன்று பேர் பெரிய நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து மூடி, சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. நீ முதலில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் வந்தது. பரவாயில்லைம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, ‘அத்தா, எடுத்துட்டாங்க. என்னைய எடுத்துட்டாங்க அத்தா’ என்றாய். அதற்குமேல் நீ சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு ஒரு தம்பி, ‘அண்ணே, இது எவ்வளவு வரும்?’ என்று கேட்டான். ‘என் மகளை எடுத்துட்டாங்க’ என்றேன். அவன் பெட்டியைக் காட்டி மறுபடியும் விலை கேட்டான். மறுபடியும் அதையேதான் சொன்னேன். எனக்குக் கண்ணீர் வழிகிறதைப் பார்த்து அவன் பயந்து, ‘யாருண்ணே, எங்க எடுத்துட்டுப் போனாங்க?’ என்றான். அப்புறம்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் மூன்று பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மாதிரி. பக்கத்து நகைக்கடை, எதிர்ச் சாப்பாட்டுக் கடை, பூக்கட்டுகிற அக்கா, எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். பூக்கார அக்கா, ‘பாய், காலையில இருந்து மூணாவது தடவை சொல்றீங்க’ என்றார். நாலாவது தடவையும் சொன்னேன்.

பிள்ளைகளை வெளியே அனுப்புகிற பெற்றோர், போய் ஜெயித்துவிட்டு வா என்று சொல்வார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நீ ஜெயித்துவிட்டுத்தான் போகிறாய்.

உன்னைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன,
உன் அத்தா